வெறுங் கதிரைக்குக் கட்டிய காசு

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய மறுநாள். நான் நிறைமாத வயிற்றோடு கட்டிலில் சாய்ந்திருந்து, மூத்தவளின் டே கெயாருக்கு போனில் காசு அனுப்பிக்கொண்டிருந்தேன். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த பனங்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை வீட்டிலதானே நிக்கப்போறாள். பிறகென்னத்துக்குக் காசு?"

"இடத்தை விடாமல் வைச்சிருக்கிறதுக்கு அம்மா."

"வெறுங் கதிரைக்கோ?"

அம்மாவுக்குக் கொழும்பு விளங்கவில்லை என்று நினைத்துச் சிரித்தேன். அது 2023 ஆகஸ்ட். அடுத்த மார்ச்சில் எல்லாப் பற்றுச்சீட்டையும் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தபோது, அம்மா கேட்டதில் பாதி நியாயம் என்று தெரிந்தது. மற்றப் பாதி நியாயமில்லை என்று அதற்கு முன்பே அம்மாவே ஒத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். என் வேலை கொள்ளுப்பிட்டியில், ஒரு தனியார் நிறுவனத்தில். மூத்தவளுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ஒன்றரை வயதிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு டே கெயாருக்குப் போய்வந்தாள். அங்கே சின்னப் பிள்ளைகளின் அறைச் சுவரில் வரிசையாகக் கொளுக்கிகள். எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு படம். எங்கள் பிள்ளையுடையது மாம்பழம். காலையில் உள்ளே ஓடிப்போய் மாம்பழத்தில் பையைக் கொளுவிவிட்டுத்தான் எனக்குக் கை காட்டுவாள்.

இரண்டாவது பிள்ளைக்கு லீவு எடுக்கப்போகிறேன், மூத்தவளை அந்த நாட்களில் வீட்டில் வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன் என்றதும் முகாமையாளர் இரண்டு வழி சொன்னார். நிற்பாட்டினால் இடம் போய்விடும், திரும்பி வரும்போது காத்திருப்புப் பட்டியலில் கடைசியில் நிற்க வேண்டும். அல்லது மாதம் 30,000 ரூபாய்க் கட்டணத்தில் பாதியைக் கட்டி இடத்தைப் பிடித்து வைக்கலாம். மாதம் 15,000. "எப்ப திரும்பி அனுப்புவீங்கள்?" என்று கேட்டார்.

என் முதல் பிழை அந்த இடத்தில்தான். 84 நாள் லீவு, அப்படியென்றால் 12 கிழமை, ஆகஸ்ட் 21 தொடங்கினால் நவம்பர் 12 முடியும் என்று மனதுக்குள் கூட்டி, "நவம்பர் 13, திங்கட்கிழமை" என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை பெற்றவள் நான். அப்போதும் இதே 84 நாள்தான். ஆனால் அந்த முறை எந்தத் திகதி வேலைக்குப் போனேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மாதங்களில் ஆருக்குத்தான் திகதி ஞாபகம் இருக்கிறது?

எங்களைப் போன்ற அலுவலக ஊழியருக்குச் சட்டம் தருவது 84 வேலை நாள். வாரவிடுமுறையும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் மற்றச் சட்ட விடுமுறைகளும் அதில் சேராது. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் இதே கணக்கு. அதற்கு முன் இரண்டு பிள்ளை இருந்தால் அடுத்ததற்கு 42 நாள்தான். எங்கள் அலுவலகத்தில் சனியும் ஞாயிறும் கழியும். அந்த வருடம் ஆகஸ்ட் 30 புதன்கிழமை நிக்கினிப் போயா, செப்டெம்பர் 28 மீலாத், 29 பினரப் போயா. எல்லாம் கழித்துப் பார்த்தால் என் லீவின் கடைசி நாள் டிசம்பர் 19. எச்.ஆர். பிரிவு தந்த கடிதத்தில் அது தெளிவாக இருந்தது. கடிதம் என் மேசை லாச்சியில் இருந்தது. நான் அதை வாசித்தது ஒக்டோபர் கடைசியில், சின்னவனுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதமான பிறகு.

ஐந்து கிழமை வித்தியாசம். சந்தோஷமான செய்திதான், இன்னும் ஐந்து கிழமை சின்னவனோடு இருக்கலாம். டே கெயாருக்குச் சொன்னபோது சந்தோஷம் அங்கே இல்லை. முதலில் என்னோடு பேசிய முகாமையாளர் செப்டெம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவருக்கு அரைக் கட்டணம் என்ற ஒழுங்கே புதினம். என்னிடம் இருந்தது பழையவரின் சொந்த இலக்கத்திலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும்: "ஓகே அக்கா, ஹாஃப் பேமண்ட், நவம்பர் 13." எதற்கு ஓகே, எந்த அறை, 13க்குப் பிறகு என்ன, ஒன்றும் அதில் இல்லை. நான் கேட்கவுமில்லை.

புதியவர் யோசித்துச் சொன்னது இது: நவம்பர் 13 வரை அரைக் கட்டணம், அதற்குப் பிறகு பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் முழுக் கட்டணம். நவம்பருக்கு மேலதிகமாக 7,500. டிசம்பருக்கு 30,000.

சரி, முழுக் காசு கட்டுவதென்றால் பிள்ளை போகட்டும் என்று நவம்பர் 13 காலை கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவள் உள்ளே ஓடினாள். மாம்பழத்தில் வேறொரு பை தொங்கியது. நீல நிறப் பை, அதில் டைனோசர். அவள் அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விசாரித்ததில், டிசம்பர் கடைசி வரை என்று ஒரு பிள்ளையை அந்த இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். எங்களிடம் அரைக் கட்டணம், அந்தப் பிள்ளையிடம் முழுக் கட்டணம். மூத்தவளைத் தற்காலிகமாகப் பெரிய பிள்ளைகளின் அறையில் விட்டார்கள். நான்கு வயதுக்காரர்களுக்கு நடுவில் இவள் ஒரு மூலையில். புதிய அறை, புதிய ஆக்கள், வீட்டில் புதிதாக ஒரு தம்பி. நான்கு நாள் அனுப்பினேன். நான்காம் நாள் கேற்றடியில் சத்தி எடுத்தாள். வீட்டில் வைத்துக்கொண்டேன். பிறகு அவள் போனது டிசம்பர் 20, 21, 22 மூன்று நாள்தான். 23ஆம் திகதியிலிருந்து அவர்களுக்கு நத்தார் விடுமுறை. மூன்று நாளுக்கு 30,000 ரூபாய்.

அந்த நவம்பர் கிழமையில் சின்ன அறையைப் பார்க்கிற அக்கா, அட்டன் பக்கத்துக்காரி, கேற்றடியில் மெதுவாகக் கேட்டார்: "பாதிக் காசு கட்டுனீங்கதானே மிஸ், பாப்பாவ கெழமைக்கு ரெண்டு நாளாவது அனுப்பியிருக்கலாமே? மத்தவங்க அப்படித்தான் செய்றாங்க." எனக்கு வாயடைத்துப் போனது. பாதிக் கட்டணம் என்றால் பிள்ளை வரக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. நானே அப்படி எடுத்துக்கொண்டேன். அவர்களும் திருத்தவில்லை, ஏன் திருத்தப்போகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது காசை விட மற்றது. இடத்தைப் பிடித்து வைக்க யோசித்த நான், பிள்ளையின் பழக்கத்தைப் பிடித்து வைக்க யோசிக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் நின்ற பிள்ளைக்கு அந்த இடம் திரும்பவும் முதல் நாள்தான். போகாமல் இருந்ததில் அவளுடைய சிங்களமும் தேய்ந்துவிட்டது. முன்பு வீட்டிலேயே 'வதுர' என்று தண்ணீர் கேட்பவள், அந்த நான்கு நாளும் தாகத்தோடு திரும்பி வந்தாள் என்று நினைக்கிறேன், போத்தல் அப்படியே நிறைந்திருந்தது. கிழமைக்கு இரண்டு காலை போய்வந்திருந்தால் மாம்பழமும் இருந்திருக்கும், வார்த்தையும் இருந்திருக்கும். எனக்கும் சின்னவனோடு இரண்டு மணித்தியாலம் நித்திரை கிடைத்திருக்கும். பத்தியச் சமையலுக்கும் மூத்தவளுக்கும் நடுவில் அம்மா ஓடித் திரிந்ததும் குறைந்திருக்கும்.

டிசம்பர் கடைசியில் உரிமையாளரைச் சந்திக்க நேரம் கேட்டேன். வயதான ஒரு அன்ரி. சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குச் சொன்னார். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் கட்டடத்துக்கு வாடகை, பார்க்கிற ஆக்களுக்குச் சம்பளம், அதற்கு மேல் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதம், ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம். "ஒரு பிள்ளை நாலு மாசம் நிண்டால் ஒரு ஆளின்ர சம்பளத்தை நான் எங்கயிருந்து குடுக்கிறது, சொல்லும் பார்ப்பம்?" நியாயம்தான். அதனால் அரைக் கட்டணம் கேட்பது எனக்கு இப்போதும் அநியாயமாகத் தெரியவில்லை. "அப்ப அன்ரி, அந்த இடத்தில வேற பிள்ளை இருந்த மாசங்களுக்கு உங்களுக்கு நட்டம் இல்லைத்தானே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் கட்டணத்தில் 15,000ஐ ஜனவரிக்குக் கழிக்கச் சொல்லி முகாமையாளரிடம் எழுதிக் கொடுத்தார். முழுவதும் கிடைக்கவில்லை. எழுத்தில் ஒன்றுமில்லாமல் போனவளுக்கு அது பெரிய விஷயம்.

ஜனவரியில் கட்டணம் 33,000 ஆனது வேறு கதை. 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமாக ஏறியது, அதோடு எல்லாரும் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஆனால் இடம் பிடித்து வைக்கும்போதே, திரும்பி வரும் மாதத்தில் பழைய கட்டணமா புதிய கட்டணமா என்று கேட்டிருக்க வேண்டும். லீவு வருடக் கடைசியைத் தாண்டுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

இனி, சின்னவனின் கதை. இது வேறு மாதிரி.

அவனுக்காக ஜூன் மாதமே, வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது, அதே இடத்தில் பதிந்து 20,000 ரூபாய் அனுமதிக் கட்டணம் கட்டியிருந்தோம். அது திரும்பக் கிடைக்காத காசு. "கைக்குழந்தைகளை எடுப்பீங்களா?" என்று கேட்டேன், "ஓம்" என்றார்கள். எத்தனை மாதத்திலிருந்து என்று கேட்கவில்லை. நவம்பரில்தான் தெரிந்தது, ஆறு மாதம் முடிந்த பிறகுதான் எடுப்பார்களாம். 2, 4, 6 மாத ஊசிகள் போட்டதற்கு கிளினிக் கொப்பியின் பிரதி வேண்டும். என் லீவு முடியும்போது அவனுக்கு மூன்றரை மாதம். நடுவில் இரண்டரை மாதம் அந்தரத்தில்.

என் மச்சாள் ஆசிரியை. அரசாங்க வேலை என்பதால் அவளுக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள், பிறகு அரைச் சம்பளத்தில் 84, அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் 84. ஆறு மாதம் என்ற வாசலை அவள் ஆறுதலாகத் தாண்டினாள். தனியாரில் வேலை செய்கிற எங்களுக்கு 84ஓடு சரி, மிச்சம் அம்மாமார்தான். என் அம்மா பொங்கலுக்குப் போவதாக இருந்தவர், பயணத்தைத் தள்ளிவைத்தார். என் கணவரும் வருடாந்த லீவில் ஒரு கிழமை எடுத்தார்.

அந்தக் கைக்குழந்தை அறையில் ஆறு தொட்டில், இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஆறுக்கு மேல் எடுக்கமாட்டார்கள், அது எனக்குப் பிடித்தது. அப்படியென்றால் ஒரு பிள்ளை வளர்ந்து அடுத்த அறைக்குப் போனால்தான் தொட்டில் காலியாகும். பெப்ரவரி தொடக்கத்தில் ஒன்று காலியாகப்போகிறது, மார்ச் வரை வைத்திருக்க ஒரு மாதத்துக்கு 17,500 என்றார்கள். இந்த முறை பேரம் பேசவே இல்லை. இதை விட்டால் அடுத்த தொட்டில் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. சம்பளமில்லாத லீவில் நான் ஒரு மாதம் நிற்க நேர்ந்தால் போகும் காசோடு பார்த்தால் 17,500 ஒன்றுமேயில்லை.

அம்மாவிடம் சொன்னேன், திரும்பவும் கதிரைக் கதை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அது தொட்டில் எல்லோ. கட்டு, கட்டு" என்றார். மார்ச் 8 சிவராத்திரிக்கு அவருக்கு ஊரில் நிற்க வேண்டும், அந்தக் கணக்கும் உள்ளே இருந்தது.

ஆக, மூத்த பிள்ளைக்கு வெறும் இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். பாதிக் கட்டணம் என்றால் பாதி நாள் அனுப்பக் கேளுங்கள். அனுப்ப முடியாதென்றால், அந்த நாட்களில் இன்னொரு பிள்ளையைச் சேர்க்க நீங்களே அனுமதி கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கக் கேளுங்கள். பம்பலப்பிட்டியில் என் சிநேகிதி ஒருத்தி அப்படிச் செய்து கால் கட்டணத்தோடு முடித்தாள், பள்ளிக்கூட விடுமுறைப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் இருந்தது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை. அங்கே தொட்டில்கள் குறைவு, பிடித்து வைக்கும் காசுக்குப் பெறுமதி உண்டு. ஆனால் எத்தனை மாதத்தில் எடுப்பார்கள் என்று தெரியாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். எடுத்து வைத்த தாய்ப்பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பார்களா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் பால்மாதான் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.

சின்னவனின் தொட்டிலுக்கு நான் அனுப்பிய செய்தி இப்படி இருந்தது. வாட்ஸ்அப்பில் இல்லை, நிலையத்தின் மின்னஞ்சலுக்கு. ஆள் மாறினாலும் அது அங்கேயே இருக்கும்.

"2024 பெப்ரவரி 1 முதல் மார்ச் 3 வரை கைக்குழந்தை அறையில் ஒரு தொட்டிலை எங்கள் மகனுக்காக வைத்திருக்க 17,500 ரூபாய் இன்று அனுப்பியிருக்கிறோம். மார்ச் 4 திங்கட்கிழமை முதல் முழுக் கட்டணம், தற்போதைய வீதத்தில். இடையில் அந்தத் தொட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்தால் இந்தத் தொகையை மார்ச் கட்டணத்தில் கழிக்க வேண்டும். மார்ச் 4இல் இடம் தர முடியாமற்போனால் தொகையைத் திருப்பித் தர வேண்டும். சரியென்றால் பதில் அனுப்புங்கள்."

பதில் அன்றைக்கே வந்தது, ஒரு சொல்லில். அது போதும். வங்கியில் அனுப்பும்போது குறிப்பில் பிள்ளையின் பெயரையும் மாதத்தையும் போட்டேன். முதல் முறை வெறுமனே 'டே கெயார்' என்று போட்டிருந்ததால், எந்த 15,000 எதற்கு என்று என் கணக்கிலேயே எனக்குக் குழம்பியது.

இன்னொன்று. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். இது தொழிற்சாலைக்காரருக்குத்தான் என்று எங்கள் எச்.ஆர். முதலில் சொன்னது. 2018 திருத்தத்தோடு அலுவலக ஊழியருக்கும் வந்ததைக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு மணித்தியாலத்தையும் சேர்த்து மூன்று மணிக்கே புறப்பட என் மேலதிகாரி சம்மதித்தார். அந்த நேரம் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கவும் இடம் கிடைக்கும். ஐந்தரைக்குப் பிறகு எடுக்கிற பிள்ளைக்கு அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று டே கெயாரில் அறவிடும் தாமதக் காசு, செப்டெம்பரில் அவனுக்கு ஒரு வயது ஆகும் வரை ஒரு நாளும் கட்டவில்லை.

மாம்பழம் ஜனவரி இரண்டாம் கிழமையில் திரும்பக் கிடைத்தது. மூத்தவள் அதற்குள் அன்னாசிப் படக் கொளுக்கிக்குப் பழகிவிட்டாள், மாறமாட்டேன் என்றுவிட்டாள். நவம்பரில் மேலதிகமாகக் கட்டிய 7,500க்கான பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை.